பம்புக்கு அனுப்பிய தண்ணீர்

தூத்துக்குடி,
12-10-1948

கொழும்பில் இருக்கும் அண்ணன் செந்தூர்பாண்டிக்கு, தங்கை சண்முகவடிவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தம்பி நன்றாக ஓடி விளையாடுகிறான். நீங்கள் அனுப்பிய பேனாவில்தான் எழுதுகிறேன். மை கொஞ்சம் கசிகிறது.

உப்புக் கம்பெனி வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன கடிதம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இது அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது.

மதராஸிலிருந்து கிருபாநிதி என்ற இன்ஜினீயர் வந்து யோசனை சொல்லி, உப்பளத்தில் கடல் தண்ணீர் இறைக்க எண்ணெய் இன்ஜினும் பம்பும் வைத்ததும், அதை ஓட்டும் வேலை அப்பாவுக்குக் கிடைத்ததும் நீங்கள் அறிந்தவை. பத்து வருஷம் உழைக்கும் என்றாராம். இந்தச் சித்திரையில், உப்பு விளையும் நேரத்தில், பம்பின் உள்பக்கமெல்லாம் அரித்துப்போய் நின்றுவிட்டது. பாத்திகள் காய்ந்து கிடந்தன. முதலாளி அந்த இன்ஜினீயர் மேல் நஷ்டஈடு வழக்குப் போட்டிருக்கிறார்.

முதலில் நான் இன்ஜினீயரைத்தான் சந்தேகப்பட்டேன். கம்பெனி வக்கீலின் குமாஸ்தா காசிலிங்கம் மாமா அடிக்கடி வீட்டுக்கு வந்து, பழைய கப்பல் இரும்புக்குப் பெயின்ட் அடித்து ஏமாற்றிவிட்டான் என்பார். இந்த வழக்கில் தோற்றால் அவனிடம் ஒருவரும் யோசனை கேட்டுப் போகமாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் பம்பு ஓட்டுகிற ஒருவரைத் தேடி வக்கீல் குமாஸ்தா ஏன் இத்தனை தடவை வரவேண்டும்? ஒவ்வொரு தடவையும் ஒரே பாடம்தான். "தினமும் கழுவினேன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. வேற என்ன கேட்டாலும் ஞாபகம் இல்ல."

ஒரு நாள் காப்பியைக் குடித்துவிட்டு, "என்ன மதினி, முந்தியெல்லாம் உங்க வீட்டுக் காப்பி அம்புட்டு நல்லா இருக்கும். இப்ப காப்பியிலயும் உப்புக் காய்ச்சுதியளோ?" என்று கேலி செய்தார். அம்மா சிரிக்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

போன சனிக்கிழமை கோர்ட்டிலிருந்து கமிஷனர் பம்பைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள் அங்கேயே நின்றுவிட்டேன். இன்ஜினீயர் ஏமாற்றுக்காரர் மாதிரி இல்லை, அண்ணா. தேய்ந்த செருப்பும் வெயிலில் கறுத்த முகமுமாக இருந்தார். அரித்த இரும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்பாவிடம், பம்பை நிறுத்தியதும் உப்பு அரிக்காமல் இருக்க நல்ல தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லியிருந்தேனே, கழுவினீர்களா என்று கேட்டார்.

"தினமும் கழுவினேன் சார்" என்றார்கள் அப்பா.

அதற்கென்றே தினம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வண்டியில் அனுப்பினோம் என்று கம்பெனி மானேஜர் சொன்னார். இங்கே வந்திருந்தபோது அனுப்பியதை நானும் பார்த்திருக்கிறேன் என்று இன்ஜினீயரே ஒப்புக்கொண்டார். கையில் ஒட்டிய துருவைத் துடைத்துக்கொண்டே, "அப்படின்னா என் யோசனைதான் தப்பு" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டு குடம் என்றதும் எனக்குப் போன வருஷம் ஞாபகத்துக்கு வந்தது.

போன வருஷம் நீங்கள் கப்பல் ஏறிய மறு மாதம் நம் தெருவில் வாந்திபேதி வந்தது. செல்லத்தாய் அக்காவின் குழந்தை இறந்துபோயிற்று. தம்பியும் படுத்துவிட்டான். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக் கொடுக்காதே என்றார் டாக்டர். அந்த வாரம்தான் கம்பெனித் தண்ணீர் வண்டி நம் வாசலில் நின்று இரண்டு குடம் இறக்கிற்று. கம்பெனி கொடுக்கிறது என்றார்கள் அப்பா. தம்பி எழுந்து நடந்த பிறகும் குடங்கள் வந்துகொண்டே இருந்தன. பம்பு நின்றதும் அவையும் நின்றுவிட்டன.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைவதை நிறுத்தாமல், "ஏளா, புள்ள பொழச்சுக் கெடக்கான்லா. அது போதும். நீ பாடத்தப் படி" என்றார்கள்.

அப்பா உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். திருட்டுப் பட்டமும் கட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்த மனிதர் செய்யாத தப்பைத் தன் தப்பென்று நம்பிக்கொண்டே ஊருக்குப் போவார். இப்போது வீட்டில் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறோம். நேற்றுச் சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "என்னத்தளா அப்படிப் பாக்க?" என்றார்கள். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்கள்.

இருபத்தைந்தாம் தேதி அப்பா சாட்சிக் கூண்டில் ஏறுகிறார்கள். அதற்குள் வந்து சேரும்படி அப்பா பெயருக்கு ஒரு கடிதம் போடுங்கள், அண்ணா. நான் எழுதியதாக ஒரு வார்த்தையும் வேண்டாம். வழக்கைப் பற்றியும் வேண்டாம். அங்கே நீங்கள் வேலை பார்க்கும் கடை விசேஷங்களை எழுதிவிட்டு, தம்பிக்கு வாந்திபேதி வந்தபோது நல்ல தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பா என்னைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். அந்த வரியை நான் நிறுத்தி வாசிப்பேன்.

செந்தூர் முருகன் உங்களையும் அப்பாவையும் கைவிடாமல் இருக்க வேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
வ. சண்முகவடிவு