செவத்த குஞ்சுக்கு முதல் வாய்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. இந்த வருஷம் நல்ல மழை. வாடிப்பட்டியில் நம் கண்மாய் நிறைந்து கிடக்கிறது. போன ஞாயிறு வயலைப் பார்க்கப் போன இடத்தில் நானும் தங்கச்சியும் கரையில் உட்கார்ந்தோம். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தால் நீங்களே நம்பியிருக்க மாட்டீர்கள்.

கோரைக்குள் நாமக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. பெரியது இரண்டும் கரிக்கட்டை, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். குஞ்சுகளுக்கோ தலை சிவப்பு. அப்பனா ஆத்தாளா தெரியவில்லை, கொண்டுவந்த பாசியை எல்லாம் ரொம்பச் சிவந்த குஞ்சுக்கே ஊட்டியது. மூத்த குஞ்சு கிட்டே வந்தால் தலையில் ஒரு கொத்து. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தியா, பறவைகூடச் செவத்ததுக்குத்தான் ஊட்டுது" என்றேன்.

இது எத்தனை வருஷத்துக் கோபம்! அம்மா இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஆட்டுச் சுவரொட்டியைத் தனியாகச் சுடுவீர்கள். பிய்த்துப் பிய்த்து அவளுக்கு மட்டும் ஊட்டுவீர்கள். நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊரே அவளைச் செவத்தப்பிள்ளை என்று கொஞ்சியது; நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

போன வருஷம் என் பசுமலை வீட்டு வாசலில் நின்று, கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். "ஒங்க செவத்த மககிட்டயே போங்க" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனீர்கள். அவள் வீட்டில்தான் கண்ணை மூடினீர்கள்.

கண்மாய்க்கரையில் மீனுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தவர் நான் குஞ்சைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். கடைசியாகப் பொரித்த நோஞ்சானுக்குத்தான் சிவப்பு கூடுதலாம், ஊட்டாவிட்டால் அது பிழைக்காதாம். தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

"நான் செவப்பு இல்லக்கா, வெளுப்பு. எனக்குச் சின்னதுலருந்தே ஒடம்புல ரத்தம் ஊறாது, அதுக்குத்தான் அந்தச் சுவரொட்டி. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்னு அப்பா யார்ட்டயும் சொல்லல. ஒனக்கு வாயில ஒண்ணும் தங்காதுன்னு ஒங்கிட்டயும் மறைச்சுட்டாரு."

என் வாய் ஓட்டைவாய்தான் அப்பா. அதற்காக, வாசலில் நின்ற அன்றைக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு இன்னும் யாருக்குப் பயந்தீர்கள்? இல்லை, நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? அன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்றுகூட நான் கேட்கவில்லையே.

அவளுக்கு மறுபடியும் ரத்தம் குறைந்திருக்கிறது. வியாழக்கிழமை ஏற்ற வேண்டுமாம். இன்று காலை நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சின்னக் குழாயில் என் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, அவளுக்குச் சேரும் என்றார்கள். நானும் சிவப்புதான் அப்பா. என் உடம்பில் இது ஓடுகிறவரைக்கும் அவளை வெளுக்க விடமாட்டேன்.

உங்கள்
கருத்த மகள்