மேல்காற்றுக்கு அசையாத புகைபோக்கி

செப்டம்பர் 9, செவ்வாய்

நல்ல வெயில். மேல்காற்று தணிந்துவிட்டது. இரண்டு மாதமாகக் கிளிப்பு போட்டும் பறந்த துணி இன்று கொடியில் சும்மா தொங்குகிறது. மோர்மிளகாய் காயப்போட்டேன். பி.பி. மாத்திரை காலையில் மறந்து, மதியம்.

சாயந்திரம் தம்பி ஜெபராஜ் மில்லிலிருந்து தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தான். அடுத்த வீடுதான். ஆனாலும் மனைவி கனகத்தைப் பார்க்காமல் இங்கே வந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். பாய்லருக்குப் புதிதாக நிறுத்திய இரும்புப் புகைபோக்கி ஆடுகிறதாம்.

"ஆடி மாசம் பூரா தூண் மாதிரி நின்னுச்சுக்கா. காத்து கொறஞ்ச பெறவு ஆடுது. கோட்டி புடிச்ச மாதிரி."

"எந்தப் பக்கமா ஆடுது?"

"அத யாரு பாத்தா? ஆடுதுல்லா, அது போதாதா?"

மில் இஞ்சினியர் கரிசல் மண்ணைச் சொல்கிறாராம்: வெடிப்பு விட்டு அஸ்திவாரம் அசைகிறது என்று. முதலாளி, அடியில் ஃபோர்மேன் ஜெ. போட்ட வெல்டிங்கைச் சொல்கிறார். மண்ணை வேலையை விட்டு நிறுத்த முடியாது. ஃபோர்மேனை நிறுத்தலாம். ஐம்பத்தைந்து வயதில் வேறு எங்கே போவான்?

புகைபோக்கிக்குத் தெற்கே ஒட்டினாற்போல் ஷெட். பெண்கள் அதில்தான் மதியம் சாப்பிடுகிறார்கள். அதையும் சொன்னான், போகும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே.

செப். 10, புதன்

டவுன் பஸ். மில் கேட்டில் இறங்கிக் கால் கிலோமீட்டர் நடை. முழங்கால்.

வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். பழைய ரிப்பன் ஒன்றைக் குச்சியில் கட்டி நட்டேன். பார்த்தவை:

உயரம் முப்பது மீட்டர். குறுக்களவு சுமார் ஒரு மீட்டர்.
ரிப்பன் கிழக்கே பறக்கிறது. அதாவது காற்று மேற்கிலிருந்து. சாதாரணக் காற்று.
புகைபோக்கி ஆடுவது வடக்கு தெற்காக! மூன்று முறை சரிபார்த்தேன்.
இருபது நொடியில் இருபது ஆட்டம்.
இழுத்துக் கட்டிய கம்பிகள் இரண்டு. ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே.

வெல்டிங்கும் இல்லை, மண்ணும் இல்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் பிசிக்ஸ் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தது, முப்பது மீட்டர் உயரத்தில் என் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது.

முதலாளி வந்தார். மரியாதையான மனிதர்தான். டீ வாங்கித் தரச் சொன்னார்.

"ஏன் அண்ணாச்சி, வடக்கயும் தெக்கயும் கம்பி இல்ல?"

"நம்மூர்ல காத்து மேக்கருந்துதான டீச்சர் வரும்? அதான் மேக்க ஒண்ணு, கெழக்க ஒண்ணு. வடக்க எதுக்கு, காக்கா ஒக்காரவா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். இந்த ஊரில் வீடு கட்டுகிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மேற்கைப் பார்த்தே பயந்து பழகிய ஊர்.

இப்போது வடக்கே கம்பிக்கு முளை ஊன்றவும் முடியாது. அந்தப் பக்கத்துப் புஞ்சைக்காரருக்கும் முதலாளிக்கும் பேச்சு இல்லை.

செப். 11, வியாழன்

ஜெ.யையும் கனகத்தையும் உட்கார வைத்துச் செய்து காட்டினேன். பெரிய பேசினில் தண்ணீர், மேலே மஞ்சள்தூள். கரண்டிக் காம்பை நேராக நிறுத்தி ஒரே வேகத்தில் இழுத்தேன். காம்புக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு சுழி, வலது பக்கம் ஒரு சுழி, மறுபடி இடது. வரிசையாக, மாறி மாறி.

"ஒவ்வொரு சுழியும் கழலும்போது காம்பப் பக்கவாட்டுல ஒரு இழு இழுக்கும். கைல தெரியுதா பாரு."

ஜெ. இழுத்துப் பார்த்தான். "ஆமாக்கா, நடுங்குது!"

கனகம்: "மஞ்சத்தூள் என்ன வெல விக்குது, மதினி இதுல கொட்டுதாவ."

பிறகு ஊஞ்சல் உதாரணம். சின்னப் பிள்ளைகூட நேரம் பார்த்துத் தள்ளினால் பெரிய ஆளை உயர ஆட்டிவிடும். நேரம் தவறித் தள்ளினால் பயில்வானாலும் முடியாது. ஆடிக்காற்று பயில்வான். அதில் சுழிகள் விறுவிறுவென்று கழன்றன, புகைபோக்கியின் தாளத்தோடு சேரவில்லை. இப்போதைய காற்றில் சேர்ந்துவிட்டது.

கணக்கு: நொடிக்கு ஓர் ஆட்டம், ஒரு மீட்டர் அகலம். இரண்டையும் பெருக்கி, உருளைக்கு உரிய எண்ணான ஐந்தால் பெருக்கினால், சுழிகள் தாளத்தோடு சேரும் காற்றின் வேகம். நொடிக்கு ஐந்து மீட்டர். சைக்கிளைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போகிற வேகம். வேப்பிலை சலசலக்கும், சின்னக் கொப்பு ஆடும், அவ்வளவே.

வைத்தியம்: மேல் பத்து மீட்டருக்குத் தடித்த கயிற்றைச் சுருளாகச் சுற்ற வேண்டும். அப்போது சுழிகள் ஒவ்வோர் உயரத்திலும் ஒவ்வொரு நேரத்தில் கழலும். கும்மியில் ஆளாளுக்கு ஒரு தாளம் தட்டினால் என்ன ஆகுமோ அதுதான்.

டீயைக் கலக்கி வைத்தபோது தூள் டம்ளரின் நடுவில் வந்து குவிந்தது. ஓரத்துக்கல்லவா போக வேண்டும் என்றான் ஜெ. அடிமட்டத்தில் தண்ணீர் மெதுவாகச் சுற்றுவதால் உள்ளே நழுவுகிறது, அது வேறு பாடம், ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

செப். 13, சனி

முதலாளி சம்மதம். "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கேள்விப்பட்டிருக்கேன், பொகபோக்கிக்குமா டீச்சர்?" என்றாராம். கிரேன் வர ஒரு வாரம் ஆகும். ஜெ. புகைபோக்கியில் பற்றவைத்த ஏணிப்படியில் தானே ஏறிச் சுற்றுவதாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு அவசரம். ஆட்டம் நின்றால் அவன் வெல்டிங் மேல் உள்ள பழி போகும்.

கனகம் வாசலில் நின்று: "இந்த வயித்த வச்சிக்கிட்டு அவிய ஏறப்போறாவளாம். பெல்ட்டு பத்துமான்னு கேளுங்க மதினி."

"ஏட்டி, ஒன் சோறுதான இது!" என்றான் ஜெ.

நான் சொன்னேன், "ஏலே, காத்து பலமா இருந்தா ஏறாத."

"சரிக்கா. காத்து கம்மியா இருக்க நாளாப் பாத்துதான் ஏறுவேன்."

பருத்திப் பால். பால்காரர் நாளை வரமாட்டார்.

செப். 16, செவ்வாய்

தம்பி போய்விட்டான்.

செப். 19, வெள்ளி

இன்றுதான் பேனாவை எடுக்க முடிந்தது. நேற்று முன்தினம் அடக்கம். வெயில். கல்லறைத் தோட்டத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கடப்பாரை போட்டுத்தான் தோண்டினார்கள்.

கீழே நின்று கயிறு விட்டுக்கொடுத்த மாரியப்பன் சொன்னது. இருபது வருஷம் ஜெ.யோடு வேலை பார்த்தவர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"காலையில ஏழு மணிக்கு எல அசையல டீச்சர். ஜெபராஜ் அண்ணாச்சி ஏறிட்டாவ. கொக்கிக் கம்பால கயித்த அந்தப் பக்கமிருந்து இழுத்து இழுத்து, கீழருந்து மேல சுத்திக்கிட்டே போனாவ. பத்து மணிக்கு லேசாக் காத்து. இதமாத்தான் இருந்துச்சு. பொகபோக்கி ஆட ஆரம்பிச்சுது. எறங்குங்க அண்ணாச்சின்னேன். இது சின்னக் காத்துதானலே, இன்னும் ரெண்டு சுத்துதான், அக்கா பெருங்காத்துலதான் ஏறக்கூடாதுன்னாவன்னு சொன்னாவ."

பெல்ட்டை மாட்டியிருந்த ஏணிப்படி கழன்றுவிட்டது. ஒரு வாரம் ஆடி ஆடி அதன் பற்றவைப்பில் கீறல் விழுந்திருக்கிறது. ஷெட் கூரைமேல் விழுந்தான். திருநெல்வேலி போகிற வழியில் முடிந்தது. ஷெட்டில் அப்போது யாரும் இல்லை.

11ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வேகம் எழுதியிருக்கிறேன். இலை சலசலக்கும் என்றுகூட எழுதியிருக்கிறேன். 13ஆம் தேதிப் பக்கத்தில் நான் சொன்னதும் இருக்கிறது. நடுவில் இரண்டே நாள்.

கணக்குப் போட்டபோது டீச்சர். வாசலில் நின்று சொன்னபோது அக்கா. எந்த அக்காவும் சொல்வதைச் சொன்னேன்.

செப். 21, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "அன்னைக்குக் காத்தே இல்லயே, எப்பிடி?" கனகத்தின் அம்மா, "விதி" என்கிறார். நான் பதில் சொல்லத் தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்தேன். பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்.

மாத்திரை போட்டேன்.

செப். 24, புதன்

முதலாளி வந்தார். சாய்வு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஒங்க யோசன சரிதான் டீச்சர். கயிறு இறுக்கமா இருந்த ரெண்டு நாளும் ஆட்டம் பாதிதான். மேல் நுனியக் கட்டாம விட்டதால இப்ப தளர்ந்து சரிஞ்சிட்டு. மறுபடி ஆடுது. அவிய விதி, நம்ம என்ன செய்ய?"

யோசனை சரி. இந்த வார்த்தையைக் கேட்கவா அத்தனை வருஷம் படித்தேன், படிப்பித்தேன்?

கிரேன் வந்த பிறகு செய்யுங்கள் என்றேன். தலையாட்டினார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

செப். 25, வியாழன்

மேகம். மழை இல்லை.

கனகத்திடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கட்டை எடுத்து ஆய்ந்துகொண்டே சொன்னேன். எந்தக் காற்றில் அது ஆடும் என்று எனக்குத் தெரியும், அவனிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று.

"அன்னைக்கு பேசின்ல காட்டுனீயளே, அப்ப அவியளும் இருந்தாவளே."

"இருந்தான். ஆனா எப்ப ஏறக்கூடாதுன்னு நான் சொன்னதத்தான் அவன் கேட்டான்."

அவள் கீரைத்தண்டை ஒடித்தாள். பிறகு, "வீட்டுக்குப் போங்க மதினி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

செப். 27, சனி

காலை எட்டரை. காற்று இப்போதைக்கு இல்லை. அவசரமாக எழுதுகிறேன், ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறது.

கனகம் இப்போதுதான் வந்தாள். முந்தாநாளுக்குப் பிறகு முதல்முறை. மாரியப்பனின் மனைவி அவளுக்கு ஃபோன் செய்தாளாம். கிரேன் இன்னும் பத்து நாள் ஆகுமாம். முதலாளி இன்று மாரியப்பனை ஏறச் சொல்லியிருக்கிறார். ஒன்பதரைக்கு. காற்று கம்மியான நாளாகப் பார்த்து.

மில்லுக்கு ஃபோன் செய்தேன். ஆபீஸில் எடுத்தவர், "டீச்சர், நீங்க சொன்னபடி பெருங்காத்து இல்லாத நாள்லதான் செய்யுதோம், கவலப்படாதீங்க" என்று வைத்துவிட்டார். மாரியப்பன் ஃபோனை எடுக்கவில்லை.

"எங்கிட்டச் சொன்னத அங்கன போயிச் சொல்லுங்க மதினி. எல்லாரும் இருக்கையில சொல்லுங்க. ஒங்களாலதான்னு சொல்லுங்க. அப்பந்தான் நம்புவாவ."

சொல்ல வேண்டியது மூன்று:
ஒன்று, இதமான காற்றுதான் ஆபத்து.
இரண்டு, ஏணிப்படி ஒவ்வொன்றையும் பார்க்காமல் யாரும் கால் வைக்கக்கூடாது.
மூன்று, தம்பியின் மேல் தப்பில்லை. வெல்டிங்கிலும் இல்லை, விதியிலும் இல்லை. நான் மாற்றிச் சொன்னேன்.

மூன்றாவதை முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்த வீட்டில் சத்தம். புருஷனைப் பறிகொடுத்தவள் முப்பதாம் நாள் ஜெபம் கழியாமல் வீட்டுப் படி இறங்கக்கூடாது என்று கனகத்தின் அம்மா அழுகிறார். கனகம் அவரை விலக்கிவிட்டு வந்து ஆட்டோவில் ஏறிவிட்டாள். என் கைப்பையும் அவள் மடியில் இருக்கிறது.