படிக்கதவை அடைப்பது பற்றி

வதனி,

கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கிற ஆள் இன்று பத்து மணிக்கு மூன்றாம் முறையாக வருவான். இந்த முறையாவது தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துத் திருப்பி அனுப்பாதேயும். வீட்டுக்குள்ளிருந்து கீழே இறங்கும் படிக்கதவை அடைத்தால்தான் பேஸ்மென்ட் தனிவீடாகும் என்று எத்தனை தடவை சொல்வது? கீழே இருக்கும் மகனுக்கும் மருமகள் துவாரகாவுக்கும் தனி வெளிவாசல் இருக்கிறது. கறி கொண்டுபோவதென்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சுற்றிப் போய் மணி அடியும்.

நாலு நாளாக நான் கதைக்காதது கோபத்தில் அல்ல. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "மாமி தட்டாமல் உள்ள வாறா, மாமா. உடுப்பு மாத்தவும் பயமாக் கிடக்கு" என்று துவாரகா என்னிடம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் வாடகைக்கு அப்பார்ட்மென்ட் பார்க்கப் போகிறார்கள்.

சோறு அடுப்பில் இருக்கிறது.

பி.கு. கதவை அடைக்கச் சொன்னதே நீர்தான் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் நம்பவில்லை.