எட்டு மாடங்களுக்கு மூடி

மார்ச் 4, செவ்வாய்

கடைசியில் எங்கள் வீட்டு மகாராஜா மனம் இறங்கிவிட்டார். படகை விற்கப்போகிறாராம். வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, விற்கும்போதாவது சொல்கிறார். முன்னேற்றம்தான்.

காரணம் நான்தானாம். "நீ வரமாட்டேங்கிற. தனியா போய் நான் என்ன பண்றது?"

போன வருஷம் ஒரே ஒரு தடவை போனேன். காற்றில் படகு சாய்ந்ததும், உள்ளறைச் சுவரில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் எட்டு மாடங்களிலிருந்த சாமான் பூராவும் என் மடியில். காபித்தூள் டப்பா தலையில், அதுவும் திறந்துகொண்டு. இவர் மேலே பாய்மரத்தடியில் நின்றபடி, "எவ்வளவு நல்ல காத்து, பாத்தியா!" என்றார். பார்த்தேன். இனி இந்தப் படகில் வந்தால் என்னை என்னவென்று கேளுங்கள் என்று கரையிறங்கினேன்.

மார்ச் 6, வியாழன்

தரகர் வந்தார். மாடங்களுக்கு மூடி போட்டால் சீக்கிரம் விலை போகுமாம். இவர் என்னைப் பார்த்தார். தரகரும் என்னைப் பார்த்தார். வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பது அவ்வளவு பெரிய குற்றம்.

சரி என்றேன். சனியன் தொலைந்தால் போதும்.

மார்ச் 8, சனி

படகுக்குப் போனேன். கட்டிப்போட்ட படகு, அது கணக்கில் வராது. ஒரு மாடமாவது சதுரமாக இருக்கிறதா? படகின் வயிறு வளைகிற பக்கமெல்லாம் அதுவும் வளைகிறது. செய்தித்தாளை ஒட்டி, விளிம்பை விரலால் தேய்த்து, இடப்பக்கம் நான்குக்கும் அச்சு எடுத்தேன். "வலப்பக்கமும் அதேதான்," என்றார் கேப்டன். நம்பினேன். இவரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியும் புத்தி வரவில்லை.

மார்ச் 12, புதன்

நீலக் கித்தான். இரண்டு ஊசி காலி. பட்டன் மட்டும் பித்தளை. இரும்பை உப்புக்காற்று ஒரே மாதத்தில் தின்றுவிடுமாம். விற்கப்போகிற படகுக்கு எதற்குப் பித்தளை? தெரியவில்லை. வாங்கிவிட்டேன்.

மார்ச் 15, சனி

இடப்பக்கம் நாலும் கச்சிதம். வலப்பக்கம் நாலும் — ஐயோ! அங்கே வளைவு எதிர்ப்பக்கம் போகிறது. அச்சைப் புரட்டிப் போட்டு வெட்டியிருக்கவேண்டும். திருப்பி மாட்டினால் ரப்பர் பூசிய உள்பக்கம் வெளியே இளிக்கிறது.

"அதேதான்னு சொன்னீங்களே?"

"அதேதான். கண்ணாடில பாக்கற மாதிரி." இப்போது சொல்கிறார்.

மறுபடி அளவெடுக்க வலப்பக்கத்தைக் காலி செய்தேன். கடைசி மாடத்தில் என் பவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய், என் கால் அளவில் வழுக்காத செருப்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். பின்னால் புதுக் காபித்தூள் டப்பா. இந்தத் தடவை திருகுமூடி போட்டது.

வரவே மாட்டேன் என்றவளுக்கு ஒரு வருஷமாக இடம் பிடித்து வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்? நானும்தான் கேட்டேனா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

தரகர் வாங்குகிற ஆளோடு வந்துவிட்டார். ஆளுக்குப் படகு பிடித்துப்போயிற்று. "மூடி நாலு கோணலா இருந்தா என்னம்மா, நான் பாத்துக்கறேன்."

நான் தைத்த கோணல் மூடியைக் கண்டவனெல்லாம் பார்ப்பதா? "வேலை முடியட்டும். அப்புறம் பேசலாம்," என்றேன்.

"எப்ப முடியும்?"

"தையல் வேலை. சொல்ல முடியாது."

இவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுருட்டி வைத்த கயிறு.

மார்ச் 20, வியாழன்

நாலையும் மறுபடி வெட்டினேன். புரட்டிப் போட்டு.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுத்து கோணலாக இருப்பதற்குக் காற்றுதான் காரணம். படகு நன்றாகவே சாய்கிறது. ஒரு டப்பாகூட விழவில்லை. மேலேயிருந்து, "எவ்வளவு நல்ல காத்து, பாத்தியா!" பார்த்தேன். குமட்டுகிறது. இது மூன்றாவது இஞ்சி மிட்டாய்.

நேற்றும் தரகர் போன் செய்தார். வேலை முடியவில்லை என்று உள்ளதைத்தான் சொன்னேன். என் மாடத்து மூடியில் இன்னும் ஒரு பட்டன் வைக்கவில்லை.