கேந்திப்பூ போட்ட தீவனம்

இன்று காலை கோழித் தீவனத்தில் உலர்ந்த கேந்திப்பூப் பொடியை அள்ளிப் போட்டேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இருநூறு கோழி இருந்த கொட்டகையில் இப்போது நாற்பதுதான். அதைப் பார்ப்பதற்கே முட்டி வலிக்கிறது.

பெரிய மார்க்கெட்டில் நான் முட்டை விற்ற இடத்துக்கு எதிரில் உன் பூக்கடை. ஓட்டல்காரர் ஒருவர், "இன்னாம்மா, கரு இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்று முட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்று நீதான் கூப்பிட்டாய்.

"விக்காத கேந்தியக் குப்பையிலதான் கொட்டறேன். காயவெச்சு கோழிக்குப் போட்டுப் பாரேன்டி."

சிரித்தேன். ஆனாலும் நீ கட்டிக் கொடுத்த பூ மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். இதழை நிழலில் உலர்த்திப் பொடித்து, முருங்கை இலையோடு கலந்து போட்டேன். மூன்று வாரத்தில் கரு செம்மஞ்சளானது. முதல் முட்டையை உன் முன்னால்தான் உடைத்தேன். பக்கத்துக் கடைக்காரிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் கோழிகள் சுருண்டு சுருண்டு விழுந்தன. ஐந்து நாளில் பாதிக் கொட்டகை காலி. பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். நேரே உன் கடைக்கு வந்தேன்.

"விஷத்தக் குடுத்து என் கோழியக் கொன்னுட்டியேடி!"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டாய்.

மறுவாரம் கால்நடை டாக்டர் செத்த கோழியை அறுத்துப் பார்த்தார். ஈரல் வீங்கி வெளுத்திருந்தது. "புண்ணாக்கு எங்க வெச்சிருக்கீங்க?" என்றார். கூரை ஒழுகும் மூலையில் வைத்திருந்தேன். மூட்டைக்கு அடியில் பச்சைப் பச்சையாகப் பூஞ்சை; அதைத்தான் தீவனத்தில் கலந்து போட்டிருந்தேன். தப்பு என்னுடையது.

அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. தினமும் எதிரெதிரே உட்கார்ந்தும் பேசவில்லை. பிறகு உன் இடம் காலியானது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்டி. டாக்டரு பாத்த அன்னிக்கே உன் வூட்டுக்காரரு வந்து சொன்னாரு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"நீயே வருவேன்னு பாத்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "கோழிய வுடு. நாலு பேரு எதிர்ல கத்துனியே, அதான் ஆறல."

மன்னித்துவிட்டதாக நீ சொல்லவில்லை. கிளம்பும்போது, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்த மறுநாள் மார்க்கெட்டில் நின்று, அவள் பூவில் விஷம் இல்லை, என் புண்ணாக்குதான் கெட்டுப்போயிருந்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். பாதிப் பேருக்கு அந்தச் சண்டையே நினைவில்லை. "எந்த விஷயம்மா அது?" என்று கேட்டாள் மீன்காரி. முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இப்போதும் யாராவது உன் பேச்சை எடுத்தால் சொல்கிறேன். கேட்பவர்களுக்கு அலுத்துவிட்டது. எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.