உன் இலையில் என்ன வைப்பது

மாமு,

என் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வாழைத்தண்டு சூப் கொட்டி ஒரு வாரமாகிறது. அங்கே மடித்து வைத்திருந்த ரெயின்கோட்டைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தாகிவிட்டது. இன்னும் பூண்டெண்ணெய் மணக்கிறது. நேற்றுக் காலை தூறல் போட்டதும் என் மகள் அதை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள். வாசலைத் தாண்டவில்லை, திரும்பி வந்துவிட்டாள்.

"நைனா, இத்தப் போட்டுகினு போனா பஸ்ல எவனாவது எலுமிச்சம்பழம் பிழிஞ்சி என்னியத் துன்னுருவான்."

"நல்ல வாசனைதானம்மா."

"அப்ப அந்தக் கடைக்கே என்னிய இட்டுகினு போ. அதான் உனக்கு ஃபைனு."

குடையை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் கோட்டை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அது உனக்காக வாங்கிய சூப். உன்னைப் பற்றி நான் தெரிந்துவைத்திருந்தது எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமையோடு கலைந்து கிடக்கிறது. எழுதிப் பார்த்தால் ஒழுங்காகுமோ என்று எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். யார்டில் கண்டெய்னர் நம்பர் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து வேலை பழக்கமில்லை. தப்பு இருந்தால் சிரித்துக்கொள். கிரேன் கேபினில் உட்கார்ந்துகொண்டு கீழே நான் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தவன்தானே நீ.

நீ போய் வருஷம் திரும்பியது. தங்கச்சி, அதாவது உன் வீட்டுக்காரம்மா, எனக்குப் போன் செய்தாள்.

"ண்ணா, ஞாயித்துக்கெயமை சாய்ந்திரம் அவருக்கு வருசப் படையல். வூட்டுச் சாப்பாட நான் ஆக்கிடுவேன். உங்களோட வெளிய வந்து துன்னுவாரே, அதுல அவருக்கு ரொம்பப் புடிச்சது இன்னான்னு சொல்லுங்க. அத்தயும் இலைல வைக்கணும்."

இது ஒரு கேள்வியா? "அத்தோதாம்மா" என்றேன், யோசிக்காமல். வாங்கி வரும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். பிறகு, எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று பாய்க்குப் போன் அடித்தேன்.

"இன்னாது, அத்தோவா? நீ துன்ற ஐட்டத்த அவன் தலைல கட்டுறியா? அவனுக்கு முர்தபாதான்யா உசுரு" என்றார் பாய்.

நியாயம் கேட்க இரண்டு பேரும் கிஷோரைப் பிடித்தோம். அவன் சவுக்கார்பேட்டையில் பாத்திரக்கடையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னான். "ரெண்டு பேரும் ராங்கு. முறுக்கு சாண்ட்விச். என் பக்கத்துல நின்னு துன்னுக்கிறான். நான் பாத்துக்கிறேன்."

மூன்று பேரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தோம். மூன்று பேரும் உன்னோடு வருஷக்கணக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்றவர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, வெயில் தாழ்ந்ததும் ராயபுரம் பாலத்தடியில் நாம் நால்வரும் கூடுவோமே. ஒரு மாதம் ஒருவன் முறை, அவன் கைகாட்டும் கடை. என் முறை என்றால் பர்மாக்காரர்களின் அத்தோ கடை. ஆரஞ்சு நிற நூடுல்ஸும் முட்டைக்கோஸும் நொறுக்கிய தட்டையும் சேர்த்து அந்த அக்கா கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே, நடுவில் கீறி வறுத்த வெங்காயம் அடைத்த முட்டை பேஜோ. கிஷோர் சைவம். பன்னீர் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பான். ஒரு நாள் அவனுடைய மாமா ஆட்டோவில் வருவதைப் பார்த்து உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தானே. நீ அசையாமல் நின்றாய். ஆட்டோ போன பிறகும், "இரு இரு, இன்னும் போல" என்று சொல்லி அவனை அப்படியே குனிந்து நிற்கவைத்தாய். அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பாய் முறை என்றால் வண்ணாரப்பேட்டையில், கறியும் முட்டையும் உள்ளே வைத்து மடித்த முர்தபா பரோட்டா. கிஷோர் முறை என்றால் சவுக்கார்பேட்டையில், இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரிக்காயும் சட்னியும் சீஸும் வைத்துத் தருவார்களே, அது. ஒவ்வொரு தடவையும் அதை வாங்கிக்கொண்டு பாய் முனகுவார்: "இத்தத் துன்னணும்னா என் பல்லு ரெண்ட இங்கயே குடுத்துட்டுப் போவணும்."

உன் முறை வந்தால்? அதைத்தான் இப்போது யோசிக்கிறேன். "என் முறையா? உனக்கு இன்னா துன்னணும் போல கீது, அத்தச் சொல்லு" என்பாய். நான் உடனே அத்தோ என்பேன். இல்லாவிட்டால் பாய் முந்திக்கொள்வார். நீ ஏன் ஒரு தடவைகூட ஒரு கடையைக் கைகாட்டவில்லை என்று எவனும் கேட்டதில்லை. தட்டு வந்துவிட்டால் எனக்கு வேறு யோசனை ஓடாது, உனக்குத் தெரியும். உன் பக்கம் தட்டைத் தள்ளி "நீயும் துன்னு மாமு" என்பேன். அது திரும்பி என்னிடமே வந்துவிடும். "சூடு ஆறிடப் போவுது, துன்னு" என்பாய். சூடு ஆறக் கூடாதே என்று நானும் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம். சண்டை தீராததால் மூன்றையும் வாங்கிவிடுவது, போகிற இடத்தில் கடைக்காரர்களையே கேட்டுவிடுவது என்று ஏற்பாடு. முதலில் அத்தோ கடை. உன் போட்டோவைப் போனில் காட்டினேன். அக்கா பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். நீ போனது அவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்.

"அவருக்கு இங்க அத்தோதானக்கா புடிக்கும்?"

"அவரு எங்கப்பா அத்தோ துன்னாரு? சூப்பு வாங்கிக் குடிப்பாரு. தட்ட உன் பக்கம் தள்ளிடுவாரு. நீதான் ரெண்டு தட்டு துன்னுவ."

"ரெண்டா?"

"சில நாளு மூணு."

கிஷோர் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரித்தான். என் தொப்பை எந்த வழியாக வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாய் மீசையைத் தடவிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு வந்தார், ஜெயித்துவிட்ட மாதிரி. தோசைக்கல் முன்னால் நின்ற மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "அவரா? ஓரத்தக் கிள்ளி சால்னால தொட்டுக்குவாரு, அவ்ளோதான். கறி கீற துண்டெல்லாம் உங்க தட்டுக்குத்தான் வரும் பாய்." பாயின் கை மீசையிலிருந்து இறங்கியது, சவுக்கார்பேட்டை வரை மேலே ஏறவில்லை. அங்கே சாண்ட்விச் போடுகிறவர் கிஷோரிடமே கேட்டார்: "அவருக்கு சீஸே ஆவாதேப்பா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்வாரு. தெரியாதா உனக்கு?"

கிஷோருக்குத் தெரியாது. எங்கள் எவனுக்கும் எதுவும் தெரியாது. மூன்று பொட்டலத்தையும் ஒரு பை சூப்பையும் சுமந்துகொண்டு திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தோம். அந்த மேடுபள்ளத்தில், தண்ணீர் லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் எங்கேயோதான் சூப் பை அவிழ்ந்திருக்க வேண்டும். உனக்குப் பிடித்தது என்று ஊர்ஜிதமான ஒரே பொருள், அதையும் கொட்டிக்கொண்டுதான் வந்தேன்.

உன் வீட்டுக்கூடத்தில் உன் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் தலைவாழை இலை விரித்து வைத்திருந்தது. தங்கச்சி கையை நீட்டினாள். "இன்னாண்ணா மூணு பொட்டலம்? எது அவருக்குப் புடிச்சது?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன், கடை கடையாகப் போய்க் கேட்டதையெல்லாம். அவள் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அதான பாத்தேன். உங்களோட வந்துட்டு வூட்டுக்கு வந்ததும் பசிக்குதுன்னு நிப்பாரு. ரசம் ஊத்தி ரெண்டு வாட்டி சோறு துன்னுவாரு, அப்பளத்த நொறுக்கிப் போட்டுகினு. அந்தத் தடிப்பசங்க மூணு பேரும் இவர ஒரு வாய் துன்ன வுடமாட்டானுங்க போலன்னு நான் உங்கள எவ்ளோ திட்டிக்கிறேன் தெரியுமா?"

மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வயித்துல எதுனா கோளாறு இருந்துச்சோ" என்றார் பாய், மெதுவாக.

"வயிறா? பச்ச மொளகாய கடிச்சிகினு துன்ற ஆளுண்ணா அவரு."

"அப்போ இன்னாத்துக்கு மாசா மாசம் வந்தான்?" என்றான் கிஷோர்.

உன் படத்தைப் பார்த்தேன். யார்டு அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அதிலும் நீ எதையோ சொல்லாமல் வைத்திருக்கிற மாதிரிதான் இருந்தது.

"அப்போ நான் இலைல இன்னாத்த வைக்கிறது?" என்று கேட்டாள் தங்கச்சி. "வருசத்துல ஒரு நாளு. அன்னிக்கும் அவருக்குப் புடிக்காதத வச்சிட்டா, வந்துட்டு சும்மா போவாரில்ல."

கண்டெய்னர் மாறிப்போனால் எந்த வரிசையில் தேடுவது என்று எனக்குத் தெரியும் மாமு. இதை எங்கே தேடுவேன்? உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் கைகாட்ட எனக்கு ஒரு தட்டுகூட இல்லை.

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோறும் ரசமும் அப்பளமும் கொண்டுவந்து இலையில் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். எங்கள் பொட்டலங்கள் படையலில் சேரவில்லை. ஓரமாகக் கிடந்தன. நாங்கள் எடுத்துக்கொண்டு கிளம்பலாமா, அதுவும் தப்பா என்று விழித்துக்கொண்டிருந்தோம்.

"எங்க போறீங்க? பொட்டலத்தப் பிரிங்க. அவரு எதிர்லயே உக்காந்து துன்னுங்க. சூடு ஆறிடப் போவுது."

அது உன் வார்த்தை. நீ அவளிடமிருந்து எடுத்ததா, அவள் உன்னிடமிருந்து எடுத்ததா, அதிலும் எனக்குக் குழப்பம்.

உட்கார்ந்தோம். படைத்ததைப் பாய் சாப்பிடமாட்டார், உனக்குத் தெரியும். ஆனால் இது படைத்தது இல்லையே என்று அவருக்கும் நிம்மதி. கிஷோர் தன் முறுக்கை எடுத்துக்கொண்டு, முர்தபா வாசனை எட்டாத தூரத்தில், வாசற்படியோரம் போய் உட்கார்ந்தான். முதலில் எவனுக்கும் இறங்கவில்லை. அப்புறம் பாய், "அத்தோல புளி தூக்கலா கீது" என்றார். "சால்னா தண்ணியா இல்லியா?" என்று நான் கேட்டேன். கிஷோர் அங்கிருந்தே, "ரெண்டுமே கலீஜ்" என்றான். சண்டை சூடுபிடித்துவிட்டது. தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்புச் சத்தத்தில் எனக்கு மறந்துவிட்டது மாமு. பேஜோ இருந்த தட்டை உன் படத்தின் பக்கம் தள்ளி, "நீயும் துன்னு" என்று சொல்லிவிட்டேன்.

தட்டு அங்கேயே நின்றது. எப்போதும் திரும்பி வருகிற தட்டு.

பாயும் பார்த்தார், கிஷோரும் பார்த்தான். எடுக்கவும் கை வரவில்லை, விடவும் முடியவில்லை. தங்கச்சிதான் குனிந்து அந்த முட்டையை எடுத்து ஒரு கடி கடித்தாள். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. "நான் இத்தத் துன்னதே இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு மென்றாள். மென்று முடித்து உன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சோக்கா கீதே. இத்தயா வேணாம்னாரு இந்த மன்ஷன்?"

அவளுக்கும் தெரியவில்லை. ஆகவே நான் மட்டும் முட்டாள் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

நேற்று சாயங்காலம் மகளை அத்தோ கடைக்குக் கூட்டிப்போனேன், அபராதம் கட்ட. அவள் முதல் வாய் தின்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் பேச்சே இல்லை, அப்படியே என் ஜாடை. மூக்கில் வேர்வை, உதட்டில் ஆரஞ்சு எண்ணெய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது தள்ளினேன் என்று தெரியவில்லை. என் தட்டு அவள் பக்கம் இருந்தது.

"உனக்கு வோணாமா நைனா?"

"துன்னு, துன்னு. சூடு ஆறிடப் போவுது."

அக்கா என்னைப் பார்த்தார்கள். கேட்காமலேயே ஒரு கப் சூப் ஊற்றிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பசித்ததா, பசிக்கவில்லையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என் பெண்சாதியிடம் ரசம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அத்தோ துன்னப் போன ஆளுக்கு ரசம் எதுக்கு?"

"தெரில. ஊத்து" என்றேன்.