லத்தீபா என்று ஒரு பெயர்

ஆயர் ஈத்தாம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் குகனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் ரூபினியும், பிறந்து ஒன்பதே நாளான என் பேத்தியும் கிறைஸ்ட்சர்ச் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். ரூபினியைப் பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடாதே. பிள்ளையைத் தூக்கும்போது கழுத்தைத் தாங்கிப் பிடி, உனக்கு எதிலும் அவசரம். பத்தியப் பொடி அனுப்பியிருக்கிறேன், அங்கே கஸ்டம்ஸ்காரன் பிரித்துப் பார்த்துக் குப்பையில் போடாவிட்டால் வந்து சேரும். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் மார்க்கெட்டுக்குப் போய் ஊர்க்கதை பேசிவிட்டுக் கீரையை மட்டும் மறந்து வருவதில் குறைவில்லை.

நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் சரி, இரக்கம், ஈகை என்று பொருள் வர வேண்டும் என்று தேடித் தேடி எழுதியிருக்கிறீர்கள். தயா, கருணா, வெள்ளைக்காரர் வைக்கும் சேரிட்டி, சீனத்தில் ஹுய், அரபியில் கரீமா, லத்தீபா. முப்பதாம் நாளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லச் சொன்னாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைசிப் பெயரைப் பார்த்ததும் எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன். அதுதான் இந்தக் கடிதம். படித்து முடிக்கும் வரை என்னைக் கூப்பிடாதே.

உனக்கு முன்னால் எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து மாதம் திரும்புவதற்குள் போய்விட்டார்கள், அது உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருந்தோம். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், அது வேறு வீட்டுப் பிள்ளை என்று எண்ணிச் சாவு தாண்டிப் போய்விடும் என்பார்கள். வாங்க ஆள் வேண்டுமே. பக்கத்து வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த லத்தீபா அக்காவைக் கேட்டேன். புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல ஜெயா. ஆனா புள்ளைய மடியில வாங்குறதுக்கு எனக்கென்ன கசக்குதா? கொண்டா லா" என்றாள். ஒரு படி தவிட்டை என்னிடம் கொடுத்துவிட்டு உன்னை வாங்கிக்கொண்டாள். உனக்கு ஐந்து வயது நிறைகிற அன்று நான் அதே ஒரு படித் தவிட்டை அவள் மடியில் கொட்டி, என் பிள்ளையைக் கொடு என்று கேட்க வேண்டும், அவள் எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டும். அதுவரை பேருக்கு நீ அவள் பிள்ளை, வளர்வது என்னிடம், அதுதான் பேச்சு.

நீ தங்கினாய். தங்கியவன் அவள் தையல் மிஷினுக்குக் கீழேயே கிடந்தாய். மூன்று வயதில் அவளை அம்மா என்றும் என்னை, அவள் கூப்பிடுவதைக் கேட்டு, ஜெயா என்றும் கூப்பிட்டாய். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவுக்கு இந்தத் தீவில் வேலை என்று சாக்குச் சொல்லி இந்த பிளாட்டுக்கு வந்துவிட்டோம். விலாசம்கூடக் கொடுக்கவில்லை. யாரிடம் கேட்டாளோ, உன் ஐந்தாவது பிறந்தநாளன்று பகல் மூன்று மணிக்கு வந்து நின்றாள். கிரில் கதவை மூன்று முறை தட்டினாள். "ஜெயா, இன்னைக்கு அவனுக்கு அஞ்சு வயசு. கதவத் தொற" என்றாள். நான் உன் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நீ அவள் குரலைக் கேட்டுத் திமிறினாய், என் கையைக் கடித்தாய். உன்மேல் உரிமை கொண்டாட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் போன பிறகு திறந்தால் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே உனக்குத் தைத்த நீலச் சட்டை. அதற்குக் கீழே பிளாஸ்டிக்கில் கட்டிய ஒரு படி தவிடு. நான் கொண்டுபோக வேண்டிய தவிட்டையும் அவளே சுமந்துகொண்டு, பெர்ரி ஏறி, பஸ் ஏறி, உன்னைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். ஓடியிருந்தால் பஸ் ஸ்டாப்பில் பிடித்திருப்பேன். ஓடவில்லை. தவிட்டைக் குப்பையில் கொட்டினேன். சட்டையை உனக்குப் போட்டுப் படம் எடுத்தேன். ஆல்பத்தில் இருக்கிறதே, நானே தைத்தேன் என்று சொல்வேனே, பொய்.

உன் பட்டியல் வந்த நாளிலிருந்து பகல் மூன்று மணிக்கு கிரில் தட்டுகிறது. அப்பாவுக்குக் கேட்பதில்லை, காற்று என்கிறார். நான் ஒவ்வொரு நாளும் திறக்கிறேன், யாரும் இல்லை. தாங்க முடியாமல் செவ்வாய்க்கிழமை கோழித்தீனிக் கடையில் தவிடு வாங்கிக்கொண்டு பாகான் டாலாமுக்குப் போனேன். அந்த வீட்டில் அவள் தங்கை மகள் ஷாஹிரா இருக்கிறாள். அக்கா இறந்து ஆறு வருஷமாம். பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும், ஒருத்தன், ஆயர் ஈத்தாமில் இருக்கிறான் என்பாளாம். தவிட்டை நீட்டினேன். "வாங்க வேண்டியவங்க இல்லையே ஆன்ட்டி, நான் எப்படி வாங்குறது? எடுத்துட்டுப் போங்க லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது இப்போது நம் சமையலறையில்தான் இருக்கிறது. எறியவும் பயம், வைத்திருக்கவும் பயம். நீ ஒவ்வொரு முறையும் விமானம் ஏறும்போது, என்னுடையது அல்லாததைத்தான் வழியனுப்புகிறேன் என்று எனக்குத் தோன்றும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறப்புப் பத்திரத்தில் தயா என்று எழுதிக்கொள், அதற்கும் அதே பொருள்தான். ஆனால் முப்பதாம் நாள் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்லும்போது, ஒரு முறை லத்தீபா என்று சொல். நீதான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் கிடையாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நல்லபடி இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குழந்தைக்குத் தொப்பி போட மறக்காதே. டிசம்பரில் வருகிறேன். இதைப் படித்த பிறகும் என்னைப் பார்க்க மனம் இருந்தால், நான் தட்டும்போது கதவைத் திற.

உன்னைத் தவிட்டுக்கு விற்று, இன்னும் திருப்பி வாங்காத
அம்மா
ஜெயலெட்சுமி